எண்ணூர் மீனுக்கு யார் பொறுப்பு?

கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் இரவில் பிடித்த இறால், மறுநாள் காலையே வடசென்னையின் அடுப்புகளில் குழம்பாகக் கொதிக்கிறது. அதை உண்ணலாமா? வாரத்தில் எத்தனை நாள் உண்ணலாம்? பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கலாமா? அப்போதுதான் சோறு பழகும் குழந்தைக்கு? எண்ணூரில் குடியிருக்கும் ஒருவர் இந்தக் கேள்விகளோடு மீன்வளத் துறைக்குப் போனாலும், உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போனாலும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போனாலும், இந்தக் கழிமுகத்தின் இந்த மீனுக்கு இதுதான் அளவு என்று எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. அந்த நீரில் சாம்பலும் எண்ணெயும் ஆலைக்கழிவும் கலப்பதைப் பல ஆண்டுகளாக அறிந்திருக்கும் அரசு, அதில் விளையும் உணவைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. இதை நிர்வாகக் குறை என்று சொல்லிக் கடந்துபோக நம்மால் இயலாது. இது குற்றம்.

எண்ணூரை ஆலைகளின் ஊராக மட்டுமே அறிந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு ஏரியோடு தொடர்புடைய உப்பங்கழி அது. இறால், மடவை, கொடுவா, கழி நண்டு, பச்சை ஆழி எனும் சிப்பி, மட்டி என்று உயிர்கள் பெருகிக் கிடந்த நீர். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம் என வரிசையாக நிற்கும் குப்பங்கள் அதை நம்பியே வாழ்கின்றன. இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைத் தடவி, வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் அதுவே பிழைப்பு. அதன் கரையில்தான் அனல்மின் நிலையங்களை வரிசையாக நிறுத்தினோம். நிலக்கரித் துறைமுகத்தை வைத்தோம். சற்றே தள்ளி, மணலியில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் உர ஆலையையும் ரசாயன ஆலைகளையும் குவித்தோம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் வெடித்துக் கசிந்து, சாம்பல் சேறு ஆற்றுப்படுகையில் படிந்து, ஆழமாக இருந்த இடங்கள் மேடாகிப் போனதை மீனவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2022 ஜூலையில் தீர்ப்பாயம் சாம்பலை அகற்றி ஈரநிலத்தை மீட்கச் சொன்னது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், காரீயம், காட்மியம், பாதரசம், செலினியம் எல்லாம் உண்டு என்பது பொறியியல் பாடநூல் படித்த எவருக்கும் தெரியும். எண்ணூரின் பச்சை ஆழியில் கன உலோகங்களை அளந்த ஆய்வுக் கட்டுரைகளும் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன. அவை ஆங்கிலத்தில், ஆய்விதழ்களில், சந்தா கட்டியவர்கள் படிக்கும் இடத்தில் இருக்கின்றன. மீன் வாங்குபவரின் கண்ணில் படும் இடத்தில் ஒரு வரியும் இல்லை.

சாம்பல் மெல்ல வந்த கேடு. எண்ணெய் இரண்டு முறை திடீரென்று வந்தது. 2017 ஜனவரி 28 அன்று அதிகாலையில் எண்ணூரின் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணூர்க் கரையில் கரும்பசையாக ஒதுங்கிய எண்ணெயை இளைஞர்களும் மீனவர்களும் வாளிகளில் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெளியேறிப் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடியின் வேர், கூழைக்கடாவின் சிறகு, எல்லாவற்றிலும் எண்ணெய். அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் வேறோர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள்.

2023 எண்ணெய்க் கசிவுக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். மொத்தம் 8.68 கோடி. கொடுத்ததைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணம் படகுக்கும் வலைக்கும் சில வாரச் சோற்றுக்கும் ஆனது. மீனுக்குள்ளும் ஆழிக்குள்ளும் என்ன நுழைந்தது, எவ்வளவு தங்கியது, எப்போது வடியும் என்று மாதந்தோறும் அளந்து, மக்களின் மொழியில் சொல்லும் ஏற்பாடு அந்தப் பேரிடருக்குப் பிறகும் பிறக்கவில்லை. நீரின் மேல் மினுமினுத்த எண்ணெய் மறைந்ததும் செய்தியும் மறைந்தது. மீனவர்கள் மீண்டும் வலை வீசினார்கள். அவர்களுக்கு வேறு என்ன வழி?

நஞ்சு மீனுக்குள் தங்கும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. இதைப் புரிந்துகொண்டால்தான் "நன்றாக வேகவைத்தால் போதும்" என்ற ஆறுதல் எவ்வளவு பொய் என்று விளங்கும். எண்ணெயிலுள்ள பாலி அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்களில் சில புற்றுநோய் தருபவை. துடுப்பு மீன்களின் ஈரல் அவற்றை ஓரளவு விரைவாகவே உடைத்து வெளியேற்றிவிடும். ஆழிக்கும் மட்டிக்கும் அந்தத் திறன் மிகவும் குறைவு. நாளெல்லாம் நீரை உள்ளிழுத்து வடிகட்டி அதிலிருப்பதைத் தின்று வளரும் உயிர்கள் அவை. நீரில் உள்ளதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. காட்மியம் நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையிலும், கணவாயின் குடலிலும் குவிகிறது. மனித உடலுக்குள் போனால் சிறுநீரகத்தில் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் தங்கும். கரிம வடிவம் பெற்ற பாதரசம் தசையின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. தோலை உரித்தாலும், கொதிக்க வைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் போகாது. சிறிய மீனைத் தின்ற பெரிய மீன், அதைத் தின்ற இன்னும் பெரிய மீன் என்று படிப்படியாகப் பெருகிக் கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைத் தொடுகிறது. காரீயத்தில் குழந்தைகளுக்குத் தீங்கில்லாத அளவு என்று எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. கொழுப்பில் கரையும் பி.சி.பி. போன்ற ஆலை ரசாயனங்களை மட்டும், தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் ஓரளவு குறைக்கலாம்.

"அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது" என்ற சொற்றொடரையும் இங்கே கேள்விக்கு உட்படுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு, ஒருவர் தம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராமுக்கு மேல் காட்மியம் உட்கொள்ளக் கூடாது என்று 2010இல் வரையறுத்தது. அதே அமைப்புகளின் கோடெக்ஸ் உணவுத் தரநிலை, ஆழி, மட்டி போன்றவற்றின் ஒரு கிலோ இறைச்சியில் 2 மில்லிகிராம் வரை காட்மியத்தை அனுமதிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மாதம் 500 மைக்ரோகிராம். உச்சவரம்பைத் தொட்டு நிற்கும் ஆழியில் கால் கிலோ தின்றாலே அந்த மாதக் கணக்கு முடிந்துவிடும். அரிசியிலிருந்தும் கீரையிலிருந்தும் வரும் காட்மியம் இதில் சேரவில்லை. எண்ணூர் ஆழி அந்த உச்சவரம்பைத் தொடுகிறது என்று நாம் சொல்லவில்லை. சட்டப்படி விற்கத் தகுந்த உணவும்கூட அதை அடிக்கடி உண்ணும் வீட்டுக்குத் தகாததாக இருக்கலாம் என்கிறோம். எப்போதாவது ஒருமுறை ஆழி தின்னும் நகரவாசிக்குப் போதுமான வரம்பு, அதையே அன்றாடம் கறியாக்கும் குப்பத்துப் பிள்ளையைக் காக்காது.

அந்தப் பிள்ளைதான் நம் கவலையின் நடுவில் இருக்கிறது. நல்ல மீன் விலைக்குப் போகும். விலை போகாத பொடி மீன், உடைந்த நண்டு, ஆழி, மட்டி ஆகியவை வீட்டுக்கு வரும். சேற்றோடும் படுகையோடும் ஒட்டி வாழ்பவையும் அவைதாம். மாசு முதலில் சேர்வதும் அவற்றில்தான். ஆக, மிகக் குறைந்த விலையுள்ள புரதம் மிக அதிகமான ஆபத்தைச் சுமந்துகொண்டு, மருத்துவச் செலவுக்கு வழியில்லாத வீட்டைத் தேடிப் போகிறது. இந்த வீட்டார் மின்நிலையத்தின் மின்சாரத்தால் குளிர்சாதன அறையில் தூங்கியவர்கள் அல்லர். சுத்திகரித்த எண்ணெயில் கார் ஓட்டியவர்களும் அல்லர்.

அரசுக்கு மீனைச் சோதிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் இந்திய இறால், மருந்து எச்சமும் கன உலோகமும் உண்டா என்று சோதித்துச் சான்று பெற்றபின்தான் போகிறது. நைட்ரோஃபுரான் மருந்தின் எச்சம் இருந்த சரக்கை ஐரோப்பா திருப்பி அனுப்பியபோது நம் ஏற்றுமதி அமைப்புகள் பதறியடித்துக்கொண்டு ஆய்வகங்களைப் பலப்படுத்தின. ஐரோப்பிய நாடுகள் தங்கள் கரையில் சிப்பி எடுக்கும் நீர்ப்பரப்புகளை ஏ, பி, சி என்று தரம் பிரித்து, எந்த நீரின் சிப்பியை நேரே விற்கலாம், எதைத் தூய நீரில் வைத்து வடித்தபின் விற்கலாம் என்று விதித்திருக்கின்றன. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகள் ஹட்சன் ஆற்றில் பி.சி.பி. கொட்டியது தெரிந்ததும் 1976இல் அதன் மேல்பகுதியில் மீன்பிடிப்பதற்கே தடை வந்தது. இன்றும் அந்த ஆற்றின் எந்தப் பகுதி மீனை யார் எத்தனை முறை உண்ணலாம் என்று நியூயார்க் மாநிலம் அறிவித்துக்கொண்டிருக்கிறது. இங்கோ, அந்நிய நாட்டார் தட்டுக்குப் போகும் இறாலுக்கு ஒரு நீதி, அதைப் பிடித்தவர் மகளின் தட்டுக்கு வரும் இறாலுக்கு வேறொரு நீதி. இதைவிட வெட்கக்கேடான பாகுபாட்டை உணவு விஷயத்தில் நாம் அறியோம்.

சான்று போதவில்லை என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணத்தின் விலையை ஜப்பானின் மினமாட்டா ஊர் கொடுத்தது. 1956 மே மாதம் அங்கே விநோதமான நரம்பு நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. வளைகுடா மீனைத் தின்ற பூனைகள் துள்ளித் துடித்துச் செத்தன, பிள்ளைகள் கைகால் முறுக்கிக்கொண்டு விழுந்தார்கள். வளைகுடா மீனுக்கு உணவுச் சட்டத்தின்படி தடை விதிக்கலாமா என்று 1957இல் குமமோட்டோ மாகாண நிர்வாகம் கேட்டது. அந்தப் பகுதியின் மீன் அனைத்துமே நஞ்சேறியது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த இயலாது என்று சுகாதார அமைச்சகம் பதில் எழுதியது. 1959இல், அங்கிருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலையின் சொந்த மருத்துவமனையில் மருத்துவர் ஹொசோகாவா ஆலைக்கழிவைப் பூனைக்கு ஊட்டி அதே நோய் வந்ததைக் கண்டார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. பாதரசக் கழிவு கடலில் கலப்பது 1968 வரை நிற்கவில்லை. அந்த ஆண்டுதான் அரசும் காரணத்தை ஒப்புக்கொண்டது. அமைச்சகம் பதில் எழுதியதற்கும் அதற்கும் இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் உருக்குலைந்து பிறந்த குழந்தைகளுக்கு அந்த அமைச்சகக் கடிதமும் பொறுப்பு. சோதிக்காமல் இருந்துவிட்டுச் சான்றில்லை என்பவர், நஞ்சைக் கொட்டியவருக்குத் துணைபோகிறார்.

நம் கரையிலும் எச்சரிக்கை வந்துவிட்டது. அதுவும் ஆலைகளால் வந்ததன்று, கடலின் நுண்பாசி நஞ்சால் வந்தது. 1981இல் கல்பாக்கம் பக்கம் வாயலூரில் மட்டி தின்றவர்கள் நரம்புகள் செயலிழந்து மருத்துவமனைக்குப் போனார்கள், மூவர் இறந்தார்கள். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று ஏழு பேர் இறந்தார்கள். அந்த நஞ்சும் வேகவைத்தால் போகாது. சிப்பி எடுக்கும் கரைகளில் முறையான கண்காணிப்பு வேண்டும் என்பதற்கு அன்றைய மரணங்களே போதுமான காரணம்.

இனி வீட்டுக்கு வருவோம். மீனை விட்டுவிடுங்கள் என்று இந்தத் தலையங்கம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறிவியலுக்கும் பிழை, ஏழைக்கும் கொடுமை. மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்ற குறுகிய ஆயுளுள்ள சிறுமீன்களில் பாதரசம் குறைவு, இதயத்துக்கும் கருவின் மூளைக்கும் வேண்டிய ஒமேகா கொழுப்பு நிறைவு. விலையும் கைக்கெட்டும். தொழிற்பேட்டை ஒட்டிய கழிமுகத்து ஆழியையும் மட்டியையும் குழந்தைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் தராதிருப்பது நல்லது. கசிவுக்கும் பெருவெள்ளத்துக்கும் பிந்திய மாதங்களில் எல்லோருமே தவிர்க்கலாம். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையை, ருசிக்காக எவ்வளவு ஆசைப்பட்டாலும், எடுத்து எறியுங்கள். குடலையும் ஈரலையும் குழம்பில் போடாதீர்கள். ஒரே நீரின் மீனையே நாள்தோறும் உண்ணாமல் மாற்றி மாற்றி வாங்குங்கள்.

பால் சுறாப் புட்டைப் பற்றித் தயக்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று தலைமுறை தலைமுறையாக அன்போடு ஊட்டிய உணவு அது. அம்மாக்களின் அந்த அன்பில் குறை காண நமக்கு உரிமையில்லை. ஆனால் சுறா, பிற மீன்களைத் தின்று வாழும் இனம். பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துவது அதன் பாதரசத்துக்காகத்தான். சிறிய குட்டிச் சுறாவில் குறைவாக இருக்கலாம். நம் கடலின் சுறாவில் எவ்வளவு என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது அரசு. அது சொல்லும்வரை பிரசவ வீட்டில் நெத்திலியும் மத்தியும் போதும்.

இந்த அறிவுரைகளை எழுதும்போதே நமக்குக் கோபம் மேலிடுகிறது. எச்சரிக்கையாக இருப்பது உண்பவரின் வேலை என்று ஆக்கிவிட்டால், கொட்டுபவர் நிம்மதியாகத் தூங்கலாம். காட்டுக்குப்பத்துத் தாய் நண்டின் பழுப்புச் சதையை எறிவதால் சாம்பல் குழாய் அடைபடாது. தன் வீட்டுக்கு வரும் ஒரே இலவசப் புரதத்தையும் தவிர்க்கச் சொன்னால், அதற்கு ஈடாக எதைத் தருகிறோம்? அறிவுரை அவசரத்துக்கு. நியாயம் ஆற்றைச் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது.

மீன் மாசைப் பற்றிப் பேசினால் மீனவர் பிழைப்பு கெடும் என்பார்கள். அக்கறையோடு சொல்பவர்களும் உண்டு, அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2018இல், மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற பயம் பரவியபோது சென்னைச் சந்தைகளில் மீன் விற்கும் பெண்கள் கூடையோடு உட்கார்ந்து கண்ணீர் விட்டது உண்மை. ஆனால் அன்று அவர்களைக் கெடுத்தது, நம்பத்தகுந்த தகவல் இல்லாததால் எல்லா மீனும் சந்தேகத்துக்கு ஆளானதுதான். இன்ன கரை, இன்ன மீன், இன்ன மாதம் என்று துல்லியமாகச் சொல்லும் அறிக்கை இருந்தால், மாசில்லாத நீரில் பிடித்த மீனவர் தலைநிமிர்ந்து விற்பார். பொத்தாம் பொதுவான வதந்தி எல்லோரையும் சேர்த்தே அழிக்கும். அதிகாரத்தில் இருப்பவர் ஒரு தட்டு வறுத்த மீனைப் படக்கருவிகளின் முன் தின்று காட்டுவதும் பதில் ஆகாது. காட்மியம் ஒரு வேளைச் சாப்பாட்டில் யாரையும் வீழ்த்துவதில்லை.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான்: நீரைக் கெடுத்த ஆலைகள் முதல் குற்றவாளிகள். அவற்றில் சில அரசின் சொந்த ஆலைகள், அது குற்றத்தைப் பெரிதாக்குகிறதே தவிரக் குறைக்கவில்லை. கெட்டது தெரிந்தும் மீனை அளக்காமல், அளந்ததையும் மக்களிடம் சொல்லாமல் இருக்கும் துறைகள் இரண்டாம் குற்றவாளிகள். மலிவான மின்சாரத்தை அனுபவித்துக்கொண்டு வடசென்னையை மறந்திருக்கும் மற்ற சென்னைக்கும் இதில் பங்குண்டு.

செய்ய வேண்டியதற்கு ஆளும் ஆய்வகமும் இங்கேயே இருக்கின்றன. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி, பள்ளிக்கரணையில் கடலோர ஆராய்ச்சி மையம், கிண்டியில் அரசின் உணவு ஆய்வகம், சற்றுத் தள்ளி ஐ.ஐ.டி. எண்ணூர், பழவேற்காடு, காசிமேடு, கடலூர் சிப்காட் கரை, தூத்துக்குடி ஆகிய இடங்களிலிருந்து மாதந்தோறும் மாதிரி எடுக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது குப்பத்துப் பஞ்சாயத்தாரும், கையால் இறால் பிடிக்கும் பெண்களும் உடனிருக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில், படத்தோடு, மீன் இறங்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒட்ட வேண்டும். ஒரு நீரை மூட நேர்ந்தால், மூடிய ஒவ்வொரு நாளுக்கும் அந்த நீரை நம்பியவருக்குக் கூலி போக வேண்டும். இருளர் பெண்களிடம் படகுப் பதிவு இல்லை என்ற காரணத்தால் அவர்கள் பெயர் விடுபடக் கூடாது. இந்தச் செலவு அனைத்தையும் மின்நிலையங்களும் மணலி ஆலைகளும் ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே ஒரு தனி நிதியில் கட்ட வேண்டும். அடுத்த கசிவு நேர்ந்து, தீர்ப்பாயம் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை படுகையைக் கலக்குவதற்கு முன் முதல் மாதிரிகளை எடுத்துவிட வேண்டும்: முதலில் ஆழியும் மட்டியும், பிறகு நண்டு, அதன் பிறகு மடவையும் இறாலும்.